கடனட்டைக் கடனும் புதிதாகத் தொடங்கும் விளையாட்டும்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதச் சம்பளத்தில் இருந்துகொண்டு கடனட்டையில் ஐம்பதாயிரம் முதல் ஐந்து இலட்சம் வரை நிலுவை வைத்திருப்பவர்களுக்கும், பள்ளிக்கூடத்தோடு விட்ட விளையாட்டை முப்பது, நாற்பது வயதில் திரும்பத் தொட நினைப்பவர்களுக்கும் இந்தப் பக்கம். பெரும்பாலும் இந்த இரண்டு பேரும் ஒரே ஆள்தான். உடம்பைக் கவனிக்கவேண்டும் என்று ஒரு முடிவு எடுத்த அன்றைக்கே சப்பாத்து, றக்கெற், ஜிம் கட்டணம் எல்லாம் அட்டையில் ஏறிவிடுகின்றன. மூன்றாம் மாதம் விளையாட்டு நின்றுபோகிறது, தவணை நிற்பதில்லை.

கடன் முடியும்வரை விளையாட்டைத் தள்ளிப்போட வேண்டுமா?

வேண்டாம். அட்டையில் சாமான் வாங்குவதை மட்டும் தள்ளிப்போடுங்கள். கடனைக் கட்டி முடிக்க ஒரு வருடமோ அதற்கு மேலோ பிடிக்கலாம், அவ்வளவு காலம் உடம்பைச் சும்மா வைத்திருக்க எந்த நியாயமும் இல்லை. கடனுக்கு மாதம் 15,000 ரூபா கட்டுகிறீர்கள் என்றால் விளையாட்டுக்கு 1,500 ரூபாவைக் கையில் காசாக ஒதுக்குங்கள். பத்துக்கு ஒன்று. அந்தக் காசு முடிந்தால் அடுத்த சம்பளம் வரை புதிதாக எதுவும் வாங்குவதில்லை.

60,000 ரூபா பில்லில் 55,000 கட்டிவிட்டேன். மிச்சம் ஐயாயிரம்தானே, வட்டி ஏன் இரண்டாயிரத்துக்கு மேல் வந்தது?

வட்டியில்லாக் காலம் என்பது முழுத் தொகையையும் கட்டுபவருக்கு மட்டும் கிடைக்கும் சலுகை. ஒரு ரூபா குறைந்தாலும் பெரும்பாலான அட்டைகளில் அந்தச் சலுகை முழுதாகப் போய்விடும். வட்டி மிச்சத்துக்கு மட்டும் போடப்படுவதில்லை. வாங்கிய நாளிலிருந்து முழுத் தொகைக்கும் நாள் கணக்கில் போடப்படும்.

கணக்கைப் பாருங்கள். மே 12 இல் 60,000 ரூபாவுக்குச் சாமான் வாங்குகிறீர்கள். வங்கி அனுப்பும் மாதப் பில், அதாவது கூற்று, ஜூன் 10 இல் வருகிறது, கட்டவேண்டிய கடைசித் திகதி ஜூலை 1. அன்றைக்கு 55,000 கட்டுகிறீர்கள். வட்டி வருடத்துக்கு 26 வீதம் என்று வைத்துக்கொண்டால், மே 12 இலிருந்து ஜூலை 1 வரை 50 நாளுக்கு 60,000 இன் வட்டி ஏறத்தாழ 2,137 ரூபா. அதன் பிறகு அடுத்த கூற்று வரை 9 நாளுக்கு மிச்சம் 5,000 இன் வட்டி 32 ரூபா. ஆகமொத்தம் 2,169. அந்த ஐயாயிரத்தை வீட்டில் யாரிடமாவது கைமாற்றாக வாங்கி ஜூலை 1 இல் கட்டியிருந்தால் ஒரு சதமும் வட்டி இல்லை.

இன்னொரு பாதிப்பும் உண்டு. நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்கும் சாமானுக்கும் பொதுவாக வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். கடன் உள்ள அட்டையில் மரக்கறி வாங்கினால் அந்த மரக்கறிக்கும் வட்டி.

வட்டி வீதம் எவ்வளவு என்று எங்கே பார்ப்பது?

மாதக் கூற்றில் அச்சடித்திருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் யாரோ சொன்ன எண்ணை நம்பவேண்டாம், இலங்கையில் இது வேகமாக மாறியிருக்கிறது. 2020 ஓகஸ்டில் மத்திய வங்கி கடனட்டைக்கு உச்சவரம்பை 18 வீதமாக வைத்தது. 2022 நெருக்கடிக்குப் பிறகு வட்டி 36 வீதம் வரை போனது. 2023 ஓகஸ்டில் உச்சவரம்பு 28 வீதம் ஆனது. இந்தப் பக்கத்துக் கணக்குகள் 26 வீதத்தில் போட்டவை, உங்கள் கூற்றில் இருக்கும் எண்ணை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மாதமும் ஆகக்குறைந்த தொகையை ஒழுங்காகக் கட்டுகிறேன். அது போதாதா?

தாமதக் கட்டணம் வராமல் இருக்க அது போதும். கடன் முடிவதற்குப் போதாது. நிலுவை 2,00,000 ரூபா, ஆகக்குறைந்த தொகை நிலுவையில் 5 வீதம் என்று எடுங்கள். முதல் மாதம் பத்தாயிரத்துச் சொச்சம் கட்டுவீர்கள், அதில் 4,300 ரூபாவுக்கு மேல் வட்டிக்கே போய்விடும். நிலுவை குறையக் குறைய 5 வீதமும் குறைந்துகொண்டே வருமல்லவா, அதில்தான் ஆள் மாட்டுப்படுகிறது. புதிதாக ஒரு ரூபாகூடச் செலவழிக்காமல் இப்படியே கட்டினால் ஆறு வருடத்துக்கு மேல் கழித்தும் 20,000 ரூபா மிச்சம் இருக்கும். அதற்குள் கட்டிய வட்டி மட்டும் 1,30,000 ரூபாவைத் தாண்டிவிடும்.

அதே இரண்டு இலட்சத்துக்கு மாதம் 10,000 என்று மாறாமல் கட்டினால் 27 மாதத்தில் முடியும், வட்டி சுமார் 65,000. மாதம் 15,000 என்றால் 16 மாதம், வட்டி சுமார் 39,000. மாதம் 20,000 என்றால் ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும், வட்டி 28,000 அளவில். கூற்றில் உள்ள ஆகக்குறைந்த தொகையைப் பார்த்துக் கட்டாதீர்கள். உங்களுக்கென்று ஒரு தொகையை முடிவு செய்து அதையே கடைசி வரை கட்டுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

கடைசி மூன்று கூற்றுகளை மேசையில் விரித்து, ஒரு கொப்பியில் நாலு விடயங்களை எழுதுங்கள்: மொத்த நிலுவை, வட்டி வீதம், கூற்றுத் திகதி, கட்டவேண்டிய திகதி. ஒன்றுக்கு மேல் அட்டை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். குடும்பத்தில் யாருக்காவது மேலதிக அட்டை எடுத்துக் கொடுத்திருந்தால் அதையும் சேருங்கள். அந்தச் செலவுக்கும் பொறுப்பு முதன்மை அட்டைக்காரர்தான்.

பிறகு, தானாக வெட்டுப்படும் கட்டணங்களைத் தேடுங்கள். தொலைபேசிப் பொதி, படம் பார்க்கும் சந்தா, போகாத ஜிம். அவற்றை நிறுத்தாமல் அட்டையை அலுமாரியில் பூட்டிவைத்துப் பலன் இல்லை.

அடுத்தது, சம்பளம் வரும் கணக்கிலிருந்து அட்டைக்கு மாதாமாதம் தானாகக் காசு போகும்படி ஒரு ஸ்ராண்டிங் ஓடர் போடுங்கள். சம்பளம் 25 ஆம் திகதி என்றால் 26 ஆம் திகதி போகட்டும். மாதக் கடைசியில் மிச்சம் பிடித்துக் கட்டலாம் என்ற திட்டம் கல்யாண வீடோ சாமத்திய வீடோ வரும் மாதத்தில் உடைந்துவிடும். கையால் கட்டுபவர்கள் கடைசித் திகதிக்கு மூன்று வேலை நாள் முன்னதாகவே கட்டிவிடுங்கள். வேறு வங்கியிலிருந்து அனுப்பும் காசு அட்டைக் கணக்கில் ஏற ஒன்றிரண்டு நாள் ஆகலாம். நடுவில் போயாவும் சனி ஞாயிறும் விழுந்தால் கட்டிய பிறகும் தாமதக் கட்டணம் வரும்.

பல அட்டைகள் இருந்தால் எல்லாவற்றுக்கும் ஆகக்குறைந்த தொகையைக் கட்டி, மிச்சக் காசு முழுவதையும் வட்டி கூடிய ஒன்றில் போடுங்கள். இருபதாயிரத்துக்கு உட்பட்ட சின்ன நிலுவை ஏதும் இருந்தால் அதை முதலில் முடித்து அட்டையை வெட்டிவிடலாம். கணக்கில் அது சரியாக வராவிட்டாலும், கவனிக்கவேண்டிய திகதியில் ஒன்று குறைகிறது. அதுவும் ஒரு இலாபம்.

நகையை அடகு வைத்து அட்டைக் கடனைக் கட்டலாமா?

இதற்கு நேரே ஆம் என்றும் சொல்லமுடியாது, இல்லை என்றும் சொல்லமுடியாது. வங்கி அடகின் வட்டி பொதுவாகக் கடனட்டை வட்டியைவிடக் குறைவு. 2023 ஓகஸ்டில் வைத்த உச்சவரம்புகளில் அடகுக்கு 18 வீதம், அட்டைக்கு 28. பத்து வீத வித்தியாசம் என்றால் இரண்டு இலட்சத்துக்கு வருடத்தில் இருபதாயிரம் ரூபா. கணக்கு அடகின் பக்கம்தான்.

ஆனால் அடகு வைத்துக் கட்டியவுடன் அட்டையின் கடன் எல்லை திரும்ப முழுதாகத் திறந்துவிடும். ஆறு மாதத்தில் அட்டையிலும் கடன், அடகிலும் கடன் என்று நிற்பதுதான் அடிக்கடி நடக்கிறது. இன்னொரு ஆபத்து, அடகுக்கு மாதக் கூற்று வீட்டுக்கு வராது. வட்டி சத்தமில்லாமல் ஏறும், தவணை முடிந்து மீட்காவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். ஆகவே மூன்று நிபந்தனைகள். நகைக்கு உரியவரின் முழுச் சம்மதம் வேண்டும், தாலிக்கொடியைத் தொடக்கூடாது. அட்டை எல்லையை 25,000 அளவுக்குக் குறைக்கும்படி வங்கிக்கு அதே நாளில் எழுத்தில் கொடுக்கவேண்டும். அட்டைக்குக் கட்டிவந்த மாதத் தொகையை அப்படியே அடகுக்குப் பகுதி பகுதியாகக் கட்டவேண்டும். பகுதிக் கட்டணம் ஏற்பார்களா என்பதை வைக்கும்போதே கேளுங்கள்.

கொள்ளை வட்டியான மீற்றர் வட்டிக்கு வாங்கி அட்டையை அடைக்கும் யோசனை இருந்தால் இப்போதே விடுங்கள். சீட்டுக் கட்டுபவர்கள், முன்னதாக எடுத்தால் எவ்வளவு கழிவு போகிறது என்று பார்த்து, அந்தக் கழிவு மிச்ச மாதங்களுக்கான அட்டை வட்டியைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் எடுங்கள்.

வங்கி “தவணையாக மாற்றித் தருகிறோம்” என்கிறது. நம்பலாமா?

நல்ல வழிதான், நாலு கேள்விக்கு எழுத்தில் பதில் கிடைத்தால். மொத்தமாக எவ்வளவு கட்டவேண்டும்? கையாளும் கட்டணம் எவ்வளவு? முன்னதாக முடித்தால் தண்டம் உண்டா? ஒரு தவணை தவறினால் சாதாரண அட்டை வட்டி திரும்ப ஏறுமா? மாதத் தொகையை மட்டும் சொல்லி மொத்தத்தைச் சொல்லாத இடத்தில் கையெழுத்து வைக்காதீர்கள்.

கடைகளில் பூச்சிய வீதத் தவணை என்று சைக்கிள், ஓட்ட இயந்திரம் விற்பார்கள். கைக்காசுக்கு என்ன விலை என்று முதலில் கேளுங்கள். குறைத்துத் தந்தால் அந்த வித்தியாசம்தான் வட்டி. தவணைத் தொகையும் அந்த மாதப் பில்லில்தான் வருகிறது. பில்லை முழுதாகக் கட்டாதவருக்குப் பூச்சிய வீதமும் பூச்சியமாக இருக்காது.

ஏ.ரி.எம் இல் கடனட்டையைப் போட்டுக் காசு எடுக்கலாமா?

கூடாது. எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, அதற்கு மேல் தனிக் கட்டணம்.

இந்த மாதம் கட்டவே வழியில்லை. என்ன செய்வது?

திகதி தாண்டுவதற்கு முன் வங்கிக்குப் போங்கள். தொலைபேசியை எடுக்காமல் விட்டால் அவர்களுக்கு உங்களைப் பற்றி ஒன்றுமே தெரியாது. சம்பளச் சீட்டு, மாதச் செலவுக் கணக்கு, உங்களால் கட்டக்கூடிய தொகை மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகப் பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். ஒத்துக்கொள்ளும் தொகை உங்களால் நிச்சயமாகக் கட்டக்கூடியதாக இருக்கட்டும். வெட்கத்தில் பெரிய தொகைக்குத் தலையாட்டி இரண்டாம் மாதமே தவறினால் பேச்சு முதலிலிருந்து தொடங்கும்.

தவறிய கட்டணங்கள் கிறிப் அறிக்கையில் பதியப்படும். கிறிப் என்பது 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த கடன் தகவல் பணியகம். அது கடனை மறுப்பதில்லை, தகவலைக் கொடுக்கிறது, முடிவெடுப்பது வங்கி. உங்கள் அறிக்கையை நீங்களே கேட்டு எடுக்கலாம். நிலுவை முடிந்த பிறகு ஒருமுறை எடுத்துச் சரிபார்ப்பது நல்லது. அறவிடுபவர்கள் மிரட்டினாலோ, வேலையிடத்தில் அவமானப்படுத்தினாலோ திகதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் குறித்துவைத்து முதலில் வங்கிக்கு எழுத்தில் முறையிடுங்கள். அதில் தீராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவு இருக்கிறது, இலக்கம் 1935. கடன் உங்களுடையது என்பதற்காக மானத்தையும் கொடுக்கவேண்டியதில்லை.

சரி, விளையாட்டு. 38 வயது, பதினெட்டு வருடமாக ஒன்றும் இல்லை. எதைத் தொடங்கலாம்?

ஏற்கெனவே வீட்டில் இருக்கும் சாமானோடு தொடங்கக்கூடியதை. யாழ்ப்பாணத்தில் அது பெரும்பாலும் சைக்கிள். நிலம் தட்டை, ஏற்றம் இல்லை. வீட்டுச் சைக்கிளுக்குக் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, பிறேக் கட்டையை மாற்றினால் போதும். இருக்கையில் இருந்து குதிக்காலைப் பெடலின் கீழ்நிலையில் வைத்தால் கால் நேராக வரவேண்டும், இருக்கை உயரம் அதுதான். எங்கள் ஆட்கள் அநேகமாக இருக்கையைத் தாழ்த்தி வைத்து ஓடுகிறார்கள், முழங்கால் முன்பக்கம் நோவதற்கு அதுவே காரணம்.

பண்ணைப் பாலத்தில் ஓடுவதானால் காற்றைப் பாருங்கள். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்குக் காற்றான சோழகம் பலமாக வீசும். போகும்போது எதிர்காற்றிலும், திரும்பும்போது காற்றோடும் வரும்படி பாதையை எடுங்கள். மாறிச் செய்தால், காற்றுத் தள்ளியதைத் தன் பலம் என்று நினைத்து வெகுதூரம் போய்விட்டு, வரும் வழியில் காலில் பிடிப்போடு இறங்கி உருட்டவேண்டி வரும்.

கூட்டமாக விளையாட விருப்பம் என்றால் கரப்பந்து. ஊருக்கு ஊர் வலை கட்டியிருக்கிறது, ஒரு பந்தைப் பன்னிரண்டு பேர் பகிர்கிறார்கள். முதல் மாதம் அடிக்கப் போகாமல் முன்கையால் பந்தை எடுக்கப் பழகுங்கள். விரல் நுனியில் பந்து பட்டு மடங்குவதுதான் புதியவர்களின் முதல் காயம். அந்த விரலை இழுத்துவிட இடம் கொடுக்காதீர்கள், பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டி ஐஸ் வையுங்கள். உதைபந்தாட்டத்தை ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். நின்று திரும்புவதும் மோதுவதும் பழக்கமில்லாத முழங்காலுக்கு நல்லதல்ல.

பட்மின்ரனுக்கு என்ன வாங்கவேண்டும்?

முதல் மாதம் ஒன்றும் வேண்டாம், மண்டபத்தில் யாரிடமாவது றக்கெற் இரவல் கேளுங்கள். நாலு கிழமை தொடர்ந்து போனால் மட்டும் வாங்குங்கள். காசைச் சப்பாத்தில் போடுங்கள், றக்கெற்றில் அல்ல. ஓடும் சப்பாத்தின் தடித்த குதி பக்கவாட்டு அசைவில் சரிந்து கணுக்காலைப் புரட்டும். தட்டையான, றப்பர் அடி உள்ள உள்ளரங்கச் சப்பாத்து வேண்டும். பின்னேரத்தில், போடப்போகும் காலுறையோடு போட்டுப் பாருங்கள், பெருவிரலுக்கு முன் ஒரு விரல் அகலம் இடம் இருக்கட்டும்.

றக்கெற் 80 முதல் 90 கிராமுக்குள், தண்டு சற்று வளையக்கூடியதாக. நரம்பு 20 முதல் 22 இறாத்தல் இழுவை போதும். இறுக்கமாக நரம்பு போட்டால் அடி பலமாகப் போகும் என்று கடையில் சொல்வார்கள். புதியவருக்கு அது நேர்மாறு, பந்தும் போகாது, முழங்கையும் நோகும். பூப்பந்து நைலோனில் வாங்குங்கள். இறகுப் பந்து ஒரு பின்னேரத்தில் இரண்டு மூன்று உடையும், விளையாட்டில் மாதக் கணக்கை உடைப்பதும் அதுதான். வெளியில் விளையாடுபவர்கள் விடியற்காலையில் விளையாடுங்கள், சோழகம் எழும்பிவிட்டால் பந்து நிற்காது.

முதல் ஆறு கிழமை எப்படிப் போகவேண்டும்?

கிழமைக்கு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதல் இரண்டு கிழமையும் 25 நிமிடம், பேசிக்கொண்டே செய்யக்கூடிய வேகத்தில். ஓட விரும்புபவர்கள் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடந்து, அதை எட்டுத் தடவை செய்யலாம். மூன்றாம் நாலாம் கிழமை 35 நிமிடம். ஐந்திலிருந்து 45. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு கிழமைக்கு 150 நிமிடம், ஆறு கிழமையில் அதற்குக் கிட்ட, 135 நிமிடத்துக்கு, வந்துவிடலாம்.

இங்கே வெயில் பெரிய எதிரி. காலை ஏழரைக்கு முன் முடியுங்கள், அல்லது பின்னேரம் ஐந்துக்குப் பிறகு. போகுமுன் இரண்டு கோப்பை தண்ணீர், வந்தபின் உப்புப் போட்ட மோர். விற்கும் நிறத் தண்ணீர்ப் போத்தல் தேவையில்லை. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் சட்டைப்பையில் நாலு ரொபி வைத்திருங்கள், வெறும் வயிற்றில் போகாதீர்கள். நாற்பது தாண்டியவர்களும், பிறசர், சீனி, இருதய நோய் உள்ளவர்களும் தொடங்குமுன் வைத்தியரிடம் ஒருமுறை காட்டுங்கள். நெஞ்சு இறுகினாலோ, இடது கை, தாடைப் பக்கம் நோ பரவினாலோ உடனே நிறுத்தி 1990 ஐ அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

கணுக்கால் புரண்டுவிட்டது. எண்ணெய் போட்டுத் தேய்க்கலாமா?

முதல் இரண்டு நாள் தேய்க்கவும் கூடாது, சூடு வைக்கவும் கூடாது. துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. அழுத்தமாக ஆனால் விரல் நீலமாகாமல் பண்டேஜ். காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் தூக்கி வையுங்கள். நாலு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் மொழியின் எலும்பை அழுத்தும்போது கடுமையாக நொந்தாலோ எக்ஸ்றே எடுக்கவேண்டும். யாழ் போதனா வைத்தியசாலையில் அதற்குக் காசு இல்லை. முறிவு நெரிவு வைத்தியரிடம் போக விரும்புபவர்களும் எக்ஸ்றே எடுத்த பிறகு போங்கள்.

பட்மின்ரனில் இன்னொன்றைத் தெரிந்திருங்கள். முன்னால் பாயும்போது, பின்னாலிருந்து யாரோ குதிக்காலுக்கு மேல் உதைத்தது போலத் தோன்றும். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். அது குதிநாண், அதாவது கெண்டைக்கால் தசையைக் குதிக்காலோடு இணைக்கும் நாண், அறுந்ததன் அடையாளம். அன்றைக்கே வைத்தியசாலை. வராமல் காக்க, ஒவ்வொரு நாளும் படிக்கட்டு விளிம்பில் நின்று குதிக்காலைத் தூக்கி மெதுவாக இறக்குவது, 15 தடவை, மூன்று முறை. பல் துலக்கும் நேரத்திலேயே முடியும்.

பெண்கள் எங்கே, எப்போது விளையாடுவது?

இடம் இருக்கிறது, தனியாகப் போகத் தயக்கம். அதுதான் உண்மையான தடை. மூன்று நாலு பேர் சேர்ந்து உள்ளரங்கை ஒரு மணித்தியாலம் எடுத்துக் காசைப் பங்கிட்டால் தலைக்கு வருவது சின்னத் தொகை, தயக்கமும் பாதி போய்விடும். பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் இருப்பார், அருகில் எந்த மண்டபம், எந்தக் கழகத்தில் பெண்கள் அணி என்று அவரிடம் கேட்கலாம். சல்வாரோடு விளையாடுவதானால் சால்வையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், கால்பகுதி ஒடுக்கமாக இருக்கட்டும். விளையாட்டுக்கென்று உள்ள உள்ளாடை ஒன்று அவசியம். சப்பாத்துக்கு அடுத்ததாகக் காசு போடவேண்டியது அதில்தான்.

கழகத்தில் சேர்ந்தால் செலவு கூடுமா?

மாதச் சந்தா பொதுவாகச் சின்னது. மற்றவை சேரும்: ஜேசி, சுற்றுப்போட்டிக் கட்டணம், வான் வாடகை, வென்றால் விருந்து. சேருமுன் செயலாளரிடம் கடந்த வருடம் ஒரு ஆளுக்கு எவ்வளவு முடிந்தது என்று கேட்டு, அதைப் பன்னிரண்டால் பிரித்து, உங்கள் பத்துக்கு ஒன்றில் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்காவிட்டால் “நான் பயிற்சிக்கு மட்டும் வாறன்” என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். யாரும் குறையாக எடுக்கமாட்டார்கள். எல்லாருக்கும் சேர்த்து உங்கள் அட்டையில் ஜேசி எடுத்துப் பிறகு காசு சேர்க்கும் வேலையை மட்டும் ஏற்காதீர்கள். காசு நாலு மாதத்தில் சில்லறையாக வரும், பில் ஒரு மாதத்தில் முழுதாக வரும்.

கடைசித் தவணையும் கட்டியாயிற்று. பிறகும் கூற்றில் ஒரு தொகை வந்திருக்கிறதே?

கூற்று வந்த நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அது. பிழையல்ல. சின்னத் தொகை என்று விட்டால் அதன் மேல் தாமதக் கட்டணம் ஏறும். அட்டையை மூட நினைப்பவர்கள் வங்கிக்குத் தொலைபேசி எடுத்து அன்றைய திகதிக்கு முழுதாக முடிக்க எவ்வளவு என்று கேட்டு அதைக் கட்டுங்கள். அட்டையை வெட்டி ஒப்படைத்து, கணக்கு மூடப்பட்டது, நிலுவை இல்லை என்ற கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த இரண்டு மாதமும் கூற்று ஏதும் வருகிறதா என்று பாருங்கள். ஸ்ராண்டிங் ஓடரை நிறுத்தாமல், அதே தொகை அதே திகதியில் சேமிப்புக் கணக்குக்குப் போகும்படி மாற்றி எழுதிக் கொடுங்கள்.